பந்தியில் உட்கார்ந்து எழுந்தவர்

பெரம்பலூர்
2.9.2025, செவ்வாய்

அன்புள்ள லீலாவுக்கு,

அண்ணன் முத்துவேல் எழுதிக்கொள்வது. நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய மன்னிப்பு ஒற்றை டிக்கோடு நிற்கிறது. உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டால், "அவ குளிக்கிறா மச்சான்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளிக்கப் போனவள் செவ்வாய்க்கிழமை வரை வரவில்லை என்றால் தீயணைப்பு வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். ஆகவே கூரியர். வீட்டுக்கு அனுப்பினால் பிரிக்க மாட்டாய் என்று உன் பள்ளிக்கூட ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். கவர் மேல் சிவப்பு மையில் 'அவசரம்' என்று எழுதியது உங்கள் ஹெட்மாஸ்டரை மிரட்டுவதற்கு.

நான் செய்தது தப்புதான். உன் நாத்தனார் சம்பூர்ணம் வீட்டுக்கு வந்தோம். அவர் மகன் பரணிதரனுக்கு நம் சுவாதியைக் கொடுக்கலாம் என்று நீதான் பேச்சை எடுத்தாய். வீடு பிடித்தது, பையன் பிடித்தது, கொல்லையில் கட்டியிருந்த கறவை மாடு உட்பட எல்லாம் பிடித்தது. "கை நனைச்சிட்டுப் போங்க" என்று இலை போட்டார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி, சாப்பிடாமல் கிளம்பினால் வேண்டாம் என்று அர்த்தம். நம் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். நான் உட்கார்ந்தேன். இலையில் தண்ணீர் தெளித்தேன். வடை வந்தது, சாம்பார் வந்தது. சம்பூர்ணம் அம்மா தன் கையால் நெய் ஊற்றினார். நெய் வந்ததும் எழுந்தேன். "கடையில ஒரு அவசரம்" என்று சொல்லிவிட்டு, சம்பூர்ணம் அம்மாவின் வீட்டுக்காரர் பெரியசாமி அண்ணனின் செருப்பில் ஒன்றும் என் செருப்பில் ஒன்றுமாக மாட்டிக்கொண்டு காரில் போய் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை உரக்கடைக்கு என்ன அவசரம் என்று யாரும் கேட்கவில்லை. வேறு யாராவது எழுந்திருந்தால் மன்னித்திருப்பார்கள். பாயசத்துக்குப் பிறகும் சோறு கேட்கிறவன் என்று மாவட்டத்தில் பெயர் வாங்கிய நானே எழுந்தால் என்ன நினைப்பார்கள்?

காரணம் இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. சம்பந்தம் வேண்டாம் என்பது காரணமே இல்லை. சுவாதி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்கிறாள். அதைவிட என்ன சொல்ல வேண்டும்?

அண்ணன்
முத்துவேல்

(பெரியசாமி அண்ணனின் ஒற்றைச் செருப்பை இத்துடன் அனுப்பவில்லை. நேரில் தருகிறேன், அனுமதித்தால்.)


அரியலூர்
5.9.2025

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உங்களோடு பேச மாட்டேன் என்று நாத்தனார் முன்னால் சொல்லிவிட்டேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. நாத்தனார் நெய்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றார். ஜானகி அண்ணியும் சுவாதியும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உங்கள் பின்னாலேயே வந்தார்கள். கார் தெருமுனை திரும்பியதும் நாத்தனார் கேட்டார்: "ஏன் லீலா, நம்ம வூட்டுல என்ன கொறைய கண்டாரு ஒங்கண்ணன்?" அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். பெரியசாமி அண்ணன் பாயசத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். வெறுங்காலோடு.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து என் நாத்தனார் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. "ஒங்கண்ணன் பொண்ணுன்னா கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன்" என்று சொன்னவர். இன்று தெருவில் அவரைப் பார்த்து, "என்ன சம்பூர்ணம், பொண்ணு வூட்டுக்காரங்க எலையில உக்காந்துட்டு எந்திரிச்சிட்டாங்களாமே" என்று கேட்கிறார்கள்.

உடையார்பாளையத்தில் பரணிக்கு இன்னொரு இடம் காத்திருக்கிறது. புரட்டாசி பிறப்பதற்குள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். உங்களுக்கு இருக்கும் அவகாசம் அதுதான்.

இன்னொன்று. அன்றைக்கு உங்கள் முகம் வெளுத்திருந்ததைப் பெரியசாமி அண்ணன் கவனித்திருக்கிறார். "ஒடம்புக்கு ஏதாச்சும் பெருசா இருக்குமோ, மறைக்கிறாங்களோ" என்று பேச்சு வந்தது. கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன கூச்சம்? இந்த வயதில் எவளாவது வந்துவிட்டாளா? ஜானகி அண்ணிக்குத் தெரியுமா?

இப்படிக்கு,
லீலாவதி


பெரம்பலூர்
8.9.2025

லீலா,

'நீங்கள்' என்று எழுதியிருந்தாய். இதற்கு நீ செருப்பால் அடித்திருக்கலாம். அதுவும் ஒன்று கூடுதலாகத்தான் இருக்கிறது.

எவளும் வரவில்லை. இந்த உடம்பைப் பார்த்து ஒருத்தி வந்தால் முதலில் அவள் கண்ணுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். நான் உடம்பு குறைய ஊசி போட்டுக்கொள்கிறேன். போதுமா? சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

முட்டி வலிக்காகப் போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "முட்டி நல்ல முட்டிதான் சார், அது தூக்குற சுமைதான் அநியாயம்" என்றார். கடைக்கு வந்து, மூட்டை நிறுக்கும் தராசில் ஏறினேன். இரண்டரை மூட்டை யூரியா. மக்காச்சோளத்துக்கு உரம் வாங்க வந்திருந்த வேப்பந்தட்டைக்காரர் ஒருவர், "இந்த லோடு எந்த ஊருக்குங்க?" என்று கேட்டார். அதோடு ரத்தக் கொதிப்பு. அதோடு குறட்டை; ஜானகி அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறாள். கடைசியில் டாக்டர் ஹேமலதாவிடம் போனேன். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார்.

அவர் அப்போதே எல்லாம் சொன்னார். "முதல் மாசம் எடை குறையலைன்னு வந்து என்கிட்ட சண்டை போடாதீங்க. இது ரொம்பச் சின்ன டோஸ், உடம்பு பழகுறதுக்கு. வயித்தைப் பொரட்டும். மலச்சிக்கல் வரும், சிலருக்குப் பேதி ஆகும். அசதியா இருக்கும். ஊசி போட்ட மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் கொஞ்சம் தூக்கலா இருக்கும், போகப் போகத் தணியும். டோஸ் ஏத்தும்போது மறுபடி எட்டிப் பார்க்கும். கொஞ்சம் கொஞ்சமா, மெதுவா சாப்பிடுங்க. முட்டை, பருப்பு, மோர் விடாதீங்க. எண்ணெய், நெய், இனிப்பு இதெல்லாம் தள்ளி வைங்க. தண்ணி நிறையக் குடிங்க. வயிறு போதும்னு சொன்னா அந்த வாயோட நிறுத்திடுங்க. வயித்து வலி தாங்க முடியாம முதுகு வரைக்கும் போனாலோ வாந்தி நிக்காம போனாலோ யோசிக்காம வந்துடுங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வயிறு போதும் என்று சொல்லும் என்பதை மட்டும் நம்பவில்லை. எங்கள் இருவருக்கும் இத்தனை வருடப் பழக்கத்தில் அது அந்த வார்த்தையைச் சொன்னதே கிடையாது.

ஊசி பேனா மாதிரி இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. ஜானகி அதைத் தோசை மாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். முதல் ஊசிக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அம்மனைக் கூப்பிட்டேன். ஜானகி, "போட்டு அஞ்சு நிமிஷம் ஆச்சு, கண்ணத் தொறங்க" என்றாள்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் பாலக்கரையில் பஜ்ஜி போடும் வாசனை வந்தது. நான் வண்டியை நிறுத்தவில்லை. நூறடி தாண்டித்தான் நிறுத்தவில்லை என்பதே உறைத்தது. பயந்துபோனேன் லீலா. காலையில் கண் விழித்தது முதல் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ அணைத்துவிட்ட மாதிரி இருந்தது. அடுத்து என்ன சாப்பிடலாம், எங்கே சாப்பிடலாம் என்பதுதான் அந்த ரேடியோவில் நாள் முழுக்க ஒலிபரப்பு. அது நின்ற பிறகு, மத்தியானத்தில் மனிதர்கள் வேறு என்னதான் யோசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றபடி ஏப்பம். அழுகிய முட்டை வாடை. கடைக்கு வருகிறவர்கள் ஏதோ புது மருந்து மூட்டை உடைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். காலையில் கழிப்பறைக்குப் போனால் செய்தித்தாளில் டெண்டர் நோட்டீஸ் வரை படித்துவிட்டுத்தான் வெளியே வருகிறேன். எடை குறைந்ததா என்றால், இரண்டு வாரத்தில் ஒரு கொத்தமல்லி விதைப் பொட்டலம் அளவுக்குக் குறைந்திருக்கிறது.

என் தப்பு எங்கே என்றால், ஞாயிறு கடை லீவு, படுத்துக் கிடக்கலாம் என்று ஊசிக்குச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரையாவது படுக்க விடுவார்களா? சனி சாயங்காலம் இரண்டாவது ஊசி. ஞாயிறு மத்தியானம் உருக்கின நெய். இலையிலேயே வாந்தி எடுப்பதைவிட எழுந்து ஓடுவது மரியாதை என்று அந்த நிமிஷம் தோன்றியது.

முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்பாய். பந்தியில் பேர் வாங்கினவன் பசியை ஊசி போட்டு அடக்குகிறான் என்று வெளியே தெரிந்தால் எப்படி இருக்கும்? அதுவும் பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற நேரத்தில். பார், ஒன்றும் சொல்லாததற்கே பெரிய வியாதி என்று பேச்சு வந்துவிட்டது.

அண்ணன்


அரியலூர்
11.9.2025

அண்ணா,

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆபீஸில் பிரித்தது தப்பு. "இந்த லோடு எந்த ஊருக்கு" என்ற இடத்தில் ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, டி.ஏ. அரியர் வந்துடுச்சா?" என்றார். சிரித்தேன், ஆனால் கோபம் போகவில்லை. கூடப் பிறந்தவளிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கு நெய்யை நானே தடுத்திருப்பேன்.

இப்போது நான் செய்ததைக் கேள். ஊசி என்று சொன்னால் எங்கள் வீட்டில் என்ன ஊசி, எதற்கு ஊசி, கிட்னியா, சுகரா என்று ஒரு வாரம் ஓடும். அதனால் நாத்தனாரிடம், "அண்ணன் சிறுவாச்சூர் அம்மாளுக்கு வெரதம் இருக்காரு. கல்யாணம் கூடி வரணும்னு வேண்டுதல். நெய் சேக்கக் கூடாதாம், வெளிய சொல்லவும் கூடாதாம்" என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது.

அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. "அய்யய்யோ, வெரதக்காரருக்கா நெய்ய ஊத்துனேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அது அங்கே நிற்கவில்லை. வரும் திங்கட்கிழமை கோயில் நடை திறந்திருக்கும் நாள், அங்கேயே பொங்கல் வைத்து, தன் கையாலேயே உனக்குப் போட்டு விரதத்தை முடித்து வைக்கப் போகிறாராம். "அம்மா சன்னதியில கை நனைச்சிட்டா அதவிட என்ன உறுதி வேணும்?" என்கிறார். பரணி வண்டி ஓட்டி வருகிறான். சர்க்கரைப் பொங்கல். நெய் இல்லாமல் இல்லை, விரதம்தான் முடிகிறதே.

எனக்குக் காலாண்டுத் தேர்வு வேலை, வர முடியாது. நீ எப்படியாவது நாலு வாய் சாப்பிட்டுவிடு. சுவாதிக்காக.

லீலா

பி.கு: அந்தப் பேனாவில் ஒருமுறை எனக்கும் போட்டுப் பார்க்கலாமா? என் ரவிக்கை எல்லாம் சுருங்கிவிட்டது.


பெரம்பலூர்
12.9.2025

லீலா,

அம்மன் பெயரில் விரதம்! நீ சொன்ன விரதத்தை முடிக்க, அரியலூரிலிருந்து அரிசி, வெல்லம், பானையோடு ஒரு குடும்பமே கிளம்பி வருகிறது. ரவிக்கை சுருங்கிவிட்டது என்கிறாய். உன் துணிச்சலுக்கு இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

பேனா கிடையாது. ஊசி முனையை மாற்றினாலும் ஒருவர் பேனாவை இன்னொருவர் போடக் கூடாது. உனக்கு இது ஆகுமா ஆகாதா என்று உன் ரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். டாக்டர் இதைச் சொல்லும்போது உன் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நாளைச் சனிக்கிழமை ஊசியைப் போடப் போவதில்லை. ஒரு வாரம் விட்டால் பழைய பசி வந்துவிடும், திங்கட்கிழமை ஒரு பானையைக் காலி பண்ணிவிடலாம் என்பது என் கணக்கு. ஜானகி, "டாக்டரக் கேட்டீங்களா?" என்றாள். கேட்டால் கூடாது என்பார், அதனால் கேட்கவில்லை.

முத்துவேல்


பெரம்பலூர்
16.9.2025

லீலாவுக்கு,

உன் வீட்டில் இதற்குள் ஒரு மாதிரி சொல்லியிருப்பார்கள். நான் நடந்தபடி எழுதுகிறேன்.

என் கணக்கு பொய்த்தது. இந்த மருந்து ஒரு வாரம் விட்டவுடன் உடம்பை விட்டுப் போகாதாம், மெல்ல மெல்லத்தான் குறையுமாம். இன்று காலை டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு தெரிந்தது. பசி என்னவோ எட்டிப் பார்த்தது. இடம்தான் இல்லை.

கோயிலில் நல்ல கூட்டம். சம்பூர்ணம் அம்மா பானை பொங்கினதும் குலவை போட்டார். படைத்துவிட்டு, இலைத் துண்டில் பொங்கலைக் குவித்து என் கையில் கொடுத்தார். முந்திரியும் நெய்யும் மின்னின. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். சுவாதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சாப்பிட்டேன். முதல் வாய் நன்றாக இருந்தது. மூன்றாவது வாயில் வயிறு போதும் என்றது. தெளிவாகவே சொன்னது. நான் கேட்காமல் மொத்தத்தையும் உள்ளே தள்ளினேன். "இன்னும் கொஞ்சம்" என்று அவர் கரண்டியைத் தூக்கியதும் கார்கள் நிற்கிற பக்கம் ஓடினேன். ஒரு வேனுக்குப் பின்னால் உட்கார்ந்து அத்தனையும் வாந்தி.

தலை நிமிர்ந்தால் தண்ணீர்ச் சொம்போடு சம்பூர்ணம் அம்மா. கோபமாக இருப்பார் என்று பார்த்தால் அழுதுகொண்டிருந்தார். "ரெண்டு வாட்டியும் எங்கையால போட்டது ஒங்களுக்குத் தங்கல. எங்கை ராசி சரியில்லைங்க. இந்த சம்பந்தம் அம்மாளுக்கே புடிக்கல போல இருக்கு. வுட்டுருவோம்" என்றார். அம்மனைப் பார்த்துக் கும்பிட்டு, தெரிந்தோ தெரியாமலோ செய்த பாவத்துக்குத் தானே ஒரு விரதம் ஏற்றுக்கொள்வதாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? சொல்லிவிட்டேன். ஊசி, சனிக்கிழமை, நெய், எல்லாம். விரதம் இல்லை என்பதையும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஊசி போட்டுக்கறது ஒங்க ஒடம்பு, ஒங்க இஷ்டம். அம்மா பேரச் சொல்லியா பொய் சொல்லுவீங்க?" என்றார். அடுத்து, "லீலாதானே வெரதம்னு சொன்னா?" என்றார்.

"நான்தாங்க அவகிட்ட அப்படிச் சொன்னேன். அவ நெசம்னு நம்பி ஒங்ககிட்ட சொன்னா" என்றேன்.

அவர் பானையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். பரணி மட்டும் இறங்கி வந்து ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனான். சுவாதி என் முதுகைத் தடவிவிட்டாள். "இத மொத நாளே சொல்லியிருந்தா என்னப்பா?" என்றாள். இரண்டு வாரம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

நாளைக்குப் புரட்டாசி. உடையார்பாளையத்துக்கு என்ன சொல்வார்களோ தெரியாது. நீ வாயைத் திறக்காதே. உனக்கு ஒன்றும் தெரியாது, நான் சொன்னதைத்தான் சொன்னாய். அந்தக் குடும்பத்தில் வாழ வேண்டியவள் நீ. என் பெயர் கெட்டது கெட்டதாகவே இருக்கட்டும்.

அண்ணன்


அரியலூர்
20.9.2025

அண்ணா,

வாயைத் திறந்துவிட்டேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே நாத்தனார் வந்து, "பாவம், ஒன்னையும் ஏமாத்திட்டாரு ஒங்கண்ணன்" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போயிருந்தார். உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் கை என் தலை மேலேயே இருப்பது போலிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் போனேன். முற்றத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உரித்தேன். கண்ணில் தண்ணீர் வருவதற்கு ஒரு சாக்கு இருக்கட்டும் என்று. விரதம் என் வாயில் பிறந்த பொய் என்று சொன்னேன்.

உரிப்பதை அவர் நிறுத்தவில்லை. "அவரு ஒனக்காக ஒண்ணு சொன்னாரு. நீ அவருக்காக ஒண்ணு சொன்ன. எனக்காக ஒரு நெசத்தச் சொல்லணும்னு ரெண்டு பேருக்கும் தோணலியே" என்றார்.

உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தேன்.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. அந்த ஊசி எதற்கு, என்றைக்குப் போடுவார், எத்தனை நாள் புரட்டும், எது ஒத்துக்கொள்ளும், எது ஆகாது? உன் எட்டாம் தேதிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். யூரியா மூட்டையில் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. டெண்டர் நோட்டீஸ் வரிகளையும் படித்தார். நீ கூசத்தான் வேண்டும்.

உடையார்பாளையத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. "ஐப்பசி பொறக்கட்டும். வந்து என் வூட்டுல சாப்பிடட்டும். எவ்வளவு முடியுதோ அவ்வளவு. ஆனா எலையில உக்காந்துட்டு எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா அன்னிக்கே வேற எடம் பாத்துருவேன்" என்றார். நமக்குத் தண்டனையும் உண்டு: அதுவரை நானும் நீயும் போனில் பேசக் கூடாதாம். "பேசினா ரெண்டு பேரும் சேந்து இன்னொரு பொய் கட்டுவீங்க" என்கிறார்.

ஊசியை ஒழுங்காகப் போடு. கணக்கெல்லாம் நீ போடாதே.

லீலா


பெரம்பலூர்
26.10.2025, ஞாயிறு மாலை

லீலா,

இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். உன்னை அங்கே அடுப்படி வாசலில் ஒரு நொடிதான் பார்க்க முடிந்தது. போன் பண்ணத்தான் நினைத்தேன், ஆனால் தண்டனை முடிந்துவிட்டதா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நடுவில் என்ன ஆனது என்றால், டாக்டர் சொன்னபடி ஊசியை மறுபடி ஆரம்பித்து, ஊசி நாளையும் அவரைக் கேட்டே திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். டோஸை ஒரு படி ஏற்றினார். ஒரு வாரம் மறுபடி புரட்டியது, பிறகு அடங்கிவிட்டது. தீபாவளிக்கு அரை அதிரசம். தராசில் இப்போது ஒரு சின்னப் பை வேப்பம் புண்ணாக்கு குறைகிறது. முட்டி நன்றி சொல்கிறது. குறட்டை இன்னும் இருக்கிறது, ஆனால் ஜானகி கதவைத் திறந்து வைக்கிறாள்.

இனி இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். இலையில் உட்கார்ந்தேன். ஒரு கரண்டி சோறு, பருப்பு, கீரை, பிறகு கொஞ்சம் ரசம், கொஞ்சம் மோர். மெதுவாக, மென்று, சாப்பிட்டேன். நடுவில் ஒருமுறை லேசாகப் புரட்டியது. கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, அது போகும் வரை சும்மா இருந்தேன். எழவில்லை.

ஆனால் லீலா, ஒருவர்கூட என்னை "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவருக்கு வடை வந்தது, எனக்கு வரவில்லை. பாயச வாளி என் இலையைத் தாண்டிப் போயிற்று. இத்தனை வருடத்தில் எந்தப் பந்தியிலும் எனக்கு இப்படி நடந்ததில்லை. அப்புறம் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டு, கை காய, எழாமல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியசாமி அண்ணன் என் கையைப் பிடித்து "சம்பந்தி" என்றார். செருப்பையும் வாங்கிக்கொண்டார். சம்பூர்ணம் அம்மா மட்டும் என் பக்கமே வரவில்லை.

ஜானகி, "உறுதியாயிடுச்சு, பேசாம படுங்க" என்கிறாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவருக்கு இன்னும் கோபமா? வேண்டா வெறுப்பாக ஒத்துக்கொண்டார்களா? உண்மையைச் சொல்.

முத்துவேல்


அரியலூர்
28.10.2025

அண்ணா,

தண்டனை முடிந்தது. போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் இதைச் சொல்லும்போது என் குரல் என்ன ஆகும் என்று தெரியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

உனக்குத் தெரியாமல் அடுப்படியில் நடந்தது இது. பந்திக்கு முன்னால் நாத்தனார் பரிமாறுகிற பையன்கள் எல்லோரையும் வாசலில் நிறுத்தினார். "சம்பந்தி எலைக்கு அவரு கேட்டாத்தான் எதுவும். கேக்காம ரெண்டாவது கரண்டி எவனாச்சும் வச்சீங்க, கைய ஒடிச்சிருவேன்" என்றார். என் கொழுந்தன் மகன் பிரசாத்தை உனக்குத் தெரியும்; பந்தி விசாரிக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. "அத்தை, ஒரே ஒரு வடை, மரியாதைக்கு" என்று வாளியோடு நழுவப் பார்த்தான். அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். "மரியாத என்னான்னு எனக்குத் தெரியும். நீ அந்தக் கடைசிக்குப் போ" என்றார். பாயசத்துக்கு மூடி போட்டதும் அவர்தான். வாடை உன் பக்கம் வரக் கூடாதாம்.

உன் பக்கம் வராமல் இருந்ததும் கோபத்தில் இல்லை. "நான் போய் முன்னாடி நின்னா, எனக்காக இன்னொரு வாய் தின்னுருவாரு" என்றார். அடுப்படி ஜன்னலில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டேயிருந்தார். நீ கையை இலையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயே, அப்போது அவர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி இன்னும் தடம் இருக்கிறது. நீ மறுபடி சோற்றில் கை வைத்த பிறகுதான் விட்டார்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள், நீ மட்டும் பாக்கி. அடுத்த பந்திக்கு வெளியே ஆட்கள் நின்றார்கள். நாத்தனார் பிரசாத்தைக் கூப்பிட்டு, "எவரும் எந்திரிக்க வேணாம்னு மாமாகிட்டச் சொல்லு. மத்தவங்க எந்திரிச்சா அவரும் பாதியில எந்திரிச்சிருவாரு" என்று சொல்லி அனுப்பினார். பெரியசாமி அண்ணன் பக்கத்து இலைக்காரரிடம் குனிந்து சொல்ல, அப்படியே வரிசை முழுக்கப் போயிற்று. அதனால்தான் அத்தனை பேரும் காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நீ கை கழுவப் போனதும் அவரே வந்தார். உன் இலையை வேறு யாரையும் எடுக்க விடவில்லை. குனிந்து பார்த்தார். ஒரு பருக்கை மிச்சமில்லை. "போட்டது அத்தனையும் சாப்பிட்டுட்டாரு லீலா" என்றார்.

காலையிலிருந்து அவர் காபிகூடக் குடிக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் இலையைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்து, "எனக்கு ஒரு எலை போடு" என்றார்.

லீலா